கொக்கு நோட்டு

ஓட்டலின் அடித்தளத்தில் சன்னல் இல்லாத ஒரு சலவை அறை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக நின்றபடியே துணி தேய்த்த மனிதருக்கு ஓட்டல்காரர்கள் வைத்த பெயர் மடிப்பு. அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் ரத்தம் வரும் என்று சமையலறைக்காரர்கள் கேலி பேசுவார்கள். விருந்தாளிகள் சட்டைப் பையில் மறந்துவிட்டுப் போன பணம் எத்தனையோ முறை அவர் கையில் கிடைத்திருக்கிறது. ஒன்று விடாமல் உறையில் போட்டு, அறை எண்ணை எழுதி மேலே அனுப்பிவிடுவார். அடுத்தவர் காசைத் தொடாத மனுஷன் என்று பேர் வாங்கியிருந்தார். தங்கை தன் பணத்தை அவரிடம் கொடுத்து வைத்ததும் அதனால்தான்.

தங்கையின் கணவன் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வாடகை அறையில் அவள் அழகு நிலையம் நடத்தினாள். ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. கையில் இருந்தால் கரைந்துவிடும் என்று மாதாமாதம் அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். பதினோரு வருஷப் பணம். இப்போது கட்டடக்காரர் அந்த அறையை விற்கப் போகிறார். "உனக்குத்தான்மா முதல்ல கேக்குறேன். மூணு மாசம் கழிச்சு வர்ற பத்தாம் தேதிக்குள்ள முன்பணம் குடுத்துடு. இல்லைன்னா பக்கத்து மருந்துக் கடைக்காரர் காத்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லி மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார்.

அந்த மூன்று மாதத்தில்தான் கொக்கு வந்தது.

விமான நிலையத்திலிருந்து விருந்தாளிகளை ஏற்றி வருகிற டிரைவர் ஒருநாள் சலவை அறைக்குச் சீருடை வாங்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். எங்கோ கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன நாட்டு நோட்டு. ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நின்றது. அதற்கு மேலே ஏகப்பட்ட சுழியங்கள்.

"வச்சுக்கங்கண்ணே, சும்மா பாக்க. அந்த ஊருக் கடல்ல எண்ணெய் கெடைச்சிருக்காம். இப்ப தண்ணி விலை. இன்னும் ரெண்டு மாசத்துல பிடிக்க முடியாது."

"அப்ப நீங்க ஏன் விக்கிறீங்க?"

"நான் எங்க விக்கிறேன்? வேணுங்கிறவங்களுக்குக் கை மாத்தி விடுறேன். சமையல்காரர் ரெண்டு கட்டு எடுத்திருக்காரு. கேட்டுப் பாருங்க."

மடிப்பு கேட்டுப் பார்த்தார். சமையல்காரர் போனைத் திறந்து காட்டினார். ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் ஏறியிருந்தது. முன்பணம் என்ன, அறையையே முழுசாக வாங்கித் தங்கை கையில் சாவியைக் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று அவருக்கே தெரியும். அவள் பணம் மொத்தத்தையும் போட்டு ஆறு கட்டு வாங்கினார்.

கோடு இன்னும் ஏறியது. இஸ்திரிப் பெட்டி சூடாகிற நேரத்திலெல்லாம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். "கொக்கு எந்தக் கிளையில இருக்கு?" என்று சமையல்காரர் மாடிப்படியிலிருந்தே குரல் கொடுப்பார். "உச்சாணியில" என்பார் இவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரும் கேலிக்குப் பதில் சொன்னார்.

பத்தாம் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு கட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு சார், படம். எந்த நாடு?" பணம் மாற்றும் கடைகள் ஏழு ஏறி இறங்கினார். ஒரே பதில்தான்: எங்கள் பட்டியலில் இது இல்லை. போனில் விலை ஓடுகிறதே என்று காட்டினால், "அந்தப் போன்லயே வித்துக்கங்க" என்றார் ஒருவர். டிரைவரைப் பிடித்துக் கேட்டதற்கு, "வாங்கிக் குடுக்கிறதுதாண்ணே நம்ம வேலை. திருப்பி எடுக்கிறதுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆனாலும் டிரைவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மூன்று நாள் கழித்துத் தானே வந்தார். "துறைமுகத்துப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்புறவங்க. போன்ல காட்டுற விலையில பாதிக்கு எடுப்பாங்களாம். ஆனா கசங்கின நோட்டைத் தொட மாட்டாங்க. அங்க வங்கியில வாங்க மாட்டாங்களாம்."

பாதி விலை என்றாலும் முன்பணத்துக்குச் சரியாக வந்துவிடும். தங்கைக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். கட்டுகளில் இருந்ததெல்லாம் பல கை மாறிக் கசங்கிய நோட்டுகள்தான். கசங்கல்தானே? கசங்கலை எடுப்பதை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? மதியம் துணி குறைந்த நேரத்தில் ஆறு கட்டையும் பிரித்தார். வெள்ளைத் துணி விரித்து, சூட்டைக் குறைத்து, நோட்டுக்கு நோட்டு கஞ்சி ஸ்பிரேயை லேசாக ஒரு பூ தூவுகிற மாதிரி தெளித்து, மேலே இன்னொரு துணி போட்டு ஒத்தி எடுத்தார். இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு நோட்டும் அச்சகத்திலிருந்து இன்றைக்குத்தான் வந்தது போல விறைத்து நின்றது.

துறைமுகத்து அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். முதல் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்ததில்லைங்க" என்றார். பிறகு மேசையிலிருந்த சின்ன நீல விளக்கைப் போட்டு அதன் அடியில் ஒரு நோட்டை நீட்டினார். முகம் மாறியது. இன்னொன்று. இன்னொன்று.

"கள்ள நோட்டுங்க இது. நல்ல நோட்டுன்னா காகிதம் மின்னாது."

மடிப்பு எட்டிப் பார்த்தார். நோட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. ஓட்டலின் நடன அறையிலும் இப்படி நீல விளக்குகள் உண்டு. அவற்றின் கீழே பரிமாறுகிறவர்களின் வெள்ளைச் சட்டைகள் இப்படித்தான் மின்னும். மின்னட்டும் என்றுதான் ஓட்டலில் அந்தக் கஞ்சியை வாங்குகிறார்கள். அதில் வெளுப்புக்கு ஒரு மருந்து கலந்திருக்கிறது.

"அம்மா, நான் கஞ்சி போட்டேன்மா. கஞ்சிதான் மின்னுது. சத்தியமா நல்ல நோட்டு."

சட்டைப் பையில் டிரைவர் முதலில் கொடுத்த ஒற்றை நோட்டு கசங்கிக் கிடந்தது. அதை எடுத்து விளக்கில் காட்டினார். காகிதம் இருண்டு கிடக்க, கொக்கின் கண் மட்டும் பச்சையாக எரிந்தது.

"பாத்தீங்களா? இதுவும் அதுவும் ஒண்ணுதாம்மா!"

"நான் நம்புறேங்க. ஆனா அங்க கவுண்டர்ல இருக்கிற மெஷின் நம்பாதே. என்னைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க."

"கழுவிக் கொண்டுவரேன்."

"கழுவினா மையும் போயிரும், காகிதமும் போயிரும்." அந்த அம்மா கட்டை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். "ஏங்க, நோட்டுக்குப் போய் யாராவது கஞ்சி போடுவாங்களா?"

அவர் கட்டுகளைப் பைக்குள் அடுக்கினார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்றைக்குத் தேதி ஒன்பது. தங்கையின் கடையில் ஒரு வாடிக்கையாளர் தலை அலசக் கழுத்தைத் தொட்டியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். "வாண்ணே, உக்காரு. எடுத்துட்டு வந்துட்டியா?" என்றாள் தங்கை, நுரைக் கையோடு. அவர் உட்காரவில்லை. வாடிக்கையாளர் தலை துவட்டிக்கொண்டு கிளம்பும்வரை சுவரோரம் நின்றார். பிறகு சொன்னார். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து, ஒரே மூச்சில் சொன்னார்.

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் கட்டடக்காரரைக் கூப்பிட்டாள். "சார், நான்தான்... பத்து நாள் தவணை கெடைக்குமா? ...அஞ்சு நாள்? ...இல்லை சார், புரியுது. மருந்துக் கடைக்காரர்கிட்டயே சொல்லிடுங்க. ...சாமான் எடுக்க மட்டும் மாசக் கடைசி வரைக்கும்... சரிங்க சார்."

போனை வைத்துவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "தொட்டி வராது. சுவத்தோட சேத்துக் கட்டினது. நாற்காலி வரும்."

நாற்காலி தரையில் நான்கு மரைகளால் முடுக்கப்பட்டிருந்தது. அவர் மண்டியிட்டு ஒரு மரையை விரலால் திருகினார். துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிப் போயிருந்தது. அடுத்ததையும் திருகினார்.

"கையால எப்படிண்ணே வரும்? ஸ்பேனர் வேணும்."

"வாங்கிட்டு வரேன்."

"காசு வச்சிருக்கியா?"

அக்கறையா, குத்தலா என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவள் தோளைப் பார்த்துத் தலையாட்டினார்.