பைப்பக்கா வீட்டு அலமாரி

ரயில் பெட்டிகளைக் கழுவும் இடத்தில் அவளைப் பைப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பருமனான ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக அவள் நடந்து வந்தால், எப்பேர்ப்பட்ட அழுக்குப் பெட்டியும் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். புழுதி, எண்ணெய்ப் பிசுக்கு, யாரோ ஜன்னல் வழியாக எடுத்த வாந்தி, எல்லாவற்றுக்கும் அவள் வைத்திருந்தது ஒரே வைத்தியம், தண்ணீர்.

வீட்டிலும் அதே கதைதான். வேலையிலிருந்து வந்ததும் வாளி வாளியாகத் தரையில் கொட்டித் தள்ளினால்தான் அவளுக்கு உட்காரவே மனசு வரும். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்த நேரத்தில் கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெள்ளம் வடிந்ததும் சொல், இறங்குகிறேன் என்பார்.

அந்த வீட்டில் இருந்த சாமான்களெல்லாம் யாரோ வேண்டாமென்று கொடுத்தவை. அதனால் பழைய இரும்பு பீரோவின் அடி துருப்பிடித்து உதிர்ந்தபோது, இந்த ஒரு தடவையாவது கடையில் போய்த் தானே பார்த்து எடுப்பது என்று அவள் தீர்மானித்தாள். எடுத்தது காப்பி நிறத்தில் ஓர் அலமாரி. தொட்டால் வழுக்கும், பார்த்தால் தேக்கு மாதிரி இருக்கும், கதவில் ஆளுயரக் கண்ணாடி. படுக்கையறையில் அதற்கு இடம் இருந்தது குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும்தான். சுவரோடு சுவராக ஒட்டித் தள்ளி நிறுத்தினார்கள். தினமும் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் அவள் தன் முகத்தைக் கழுவினாள்.

சில மாதம் கழித்துக் கதவு சாத்த வரவில்லை. கீல் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், அடி ஓரம் டீயில் நனைத்த பிஸ்கட் போல உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த தகடு உதடு பிதுங்கின மாதிரி விலகி நின்றது. விரலால் அழுத்தினாள். பழுப்புத் தூள் கொட்டியது. கரையான்தான், சந்தேகமே இல்லை என்று மருந்து வாங்கி வந்து, பாட்டில் காலியாகும் வரை அடித்தாள். மறுநாள் இன்னும் அதிகமாக உப்பியிருந்தது.

மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் இறங்கி வந்து பார்த்தாள்.

"அண்ணி, இது மரமே இல்ல. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கி, மேல படத்தை ஒட்டி வச்சிருக்காங்க. மேல தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, ஓரத்துல நுழைஞ்சா போச்சு. நீங்க ஊத்தற தண்ணிக்கு இது எப்படித் தாங்கும்?"

தரையை இனிப் பிழிந்த துணியால் மட்டும் துடைக்கச் சொன்னாள். பைப்பக்காவுக்கு அது தொழிலையே குறை சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் ஆசையாக வாங்கின பொருள். ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு, முட்டி போட்டுப் பிழிந்த துணியால் துடைக்க ஆரம்பித்தாள். போதாததற்கு, கெட்டியான பிளாஸ்டிக் தாளை, அலமாரியை நகர்த்தாமலே அடியில் மூன்று பக்கமும் சுற்றி இழுத்து, அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவதுபோல டேப் ஒட்டினாள். இனி ஒரு சொட்டுக்கூட உள்ளே போக வழியில்லை என்று நிம்மதியாக இருந்தாள்.

கொஞ்ச நாளில் துணிகளில் பூஞ்சை நாற்றம் அடித்தது. டேப்பைக் கிழித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. பலகையில் கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்தது. தரையில்தான் தண்ணீரே கொட்டவில்லையே, பிறகு இது எங்கிருந்து வந்தது?

அன்றிலிருந்து அவளுக்கு வேலையில் கவனம் ஓடவில்லை. காலையில் எழுந்ததும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அலமாரியின் அடியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் காய்ந்திருக்கும், ஒரு நாள் சில்லென்று இருக்கும். எதனால் என்று பிடிபடவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி மெழுகைத் தேய் என்றாள், இன்னொருத்தி வார்னிஷ் அடி என்றாள், மூன்றாமவள் நகப்பூச்சே போதும் என்றாள். அவள் மூன்றையும் பூசினாள். மெழுகின் மேல் வார்னிஷ் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நின்றது.

கடைசியில் சந்தேகம் கணவர் மேல் விழுந்தது. குளித்துவிட்டு ஈரத்துண்டை அலமாரிக் கதவில்தானே போடுகிறார் என்று பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை.

"என் துண்டு மேல தொங்குது, உப்பினது கீழ. பெட்டி கழுவறப்போ போடற உன் மழைக்கோட்டை மடிச்சுக் கீழ்த்தட்டுல வைக்கறியே, அது என்ன பாலைவனத்துலேருந்தா வருது?"

உதறிக் காயவைத்துத்தான் வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, உண்மையிலேயே காயவைக்கிறோமா என்பது மறந்துபோயிருந்தது. அதன் பிறகு இரண்டு பேரும், சாப்பிட்டாச்சா, ஆச்சு என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

இந்த மௌனம் தாங்காமல்தான் கணவர் ஒரு தச்சரைக் கூட்டி வந்தார். தச்சர் வந்ததும் அலமாரியைக் காலி செய்யச் சொல்லி, சுவரிலிருந்து இழுத்தார். பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. தொட்டால் ஈரம். குளியலறைக் குழாய் அந்த இடத்தில்தான் சுவருக்குள் போகிறது.

"அப்ப சுவர்தான் காரணம். நான் இல்ல" என்றாள் பைப்பக்கா. அவள் குரலில் அழுகையும் இருந்தது, வெற்றியும் இருந்தது.

தச்சர் சுவரைப் பார்த்தார், கதவில் தொங்கிய துண்டைப் பார்த்தார், அடியில் மெழுகு, வார்னிஷ், நகப்பூச்சுக் கோலத்தையும் பார்த்தார்.

"சுவரும்தான். நீங்க தொடச்ச தண்ணி, அடிச்ச மருந்து, துண்டு, கோட்டு, எல்லாம்தான் போயிருக்கும். எது மொதல்லன்னு கேட்டா நான் என்னக்கா சொல்றது? அந்தப் பிளாஸ்டிக்கைச் சுத்தாம இருந்திருந்தா ஈரம் கொஞ்சமாவது வெளிய போயிருக்கும்."

ஒரே வாரத்தில் எல்லாம் நடந்தது. குழாய்க்காரர் சுவரை உடைத்து இணைப்பை மாற்றினார். தச்சர் உப்பின அடிப்பலகையை அறுத்து எடுத்துவிட்டு பிளைவுட் வைத்தார். அறுத்த ஓரங்களை மூடப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, மூலைகளில் சிலிக்கான் பசை பிதுக்கி, அடியில் பிளாஸ்டிக் கால்கள் பொருத்தினார். அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. துண்டு பால்கனிக்குப் போனது, மழைக்கோட்டு வாசல் ஆணிக்குப் போனது. கதவின் கீழ் ஓரம் மட்டும் அலையலையாக நெளிந்தே இருந்தது. அதை மாற்றினால் முழுக் கதவும் மாற்ற வேண்டும் என்றதால் அப்படியே விட்டார்கள்.

அதன் பிறகு அலமாரி உப்பவில்லை. ஆனால் பைப்பக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. எது நின்றதால் இது நின்றது? தெரிந்துகொள்ள, ஒரு வாரம் மட்டும் துண்டைப் பழையபடி கதவில் போடச் சொல்லிக் கணவரைக் கேட்டாள்.

"அதுக்கு வேற துண்டைப் பாரு" என்றார் அவர். பல நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி டிவி ஸ்டாண்டு வாங்கியிருப்பதாகவும், தண்ணீர் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் அவளிடம் வந்து கேட்டாள். பைப்பக்கா ஜம்பமாகத்தான் ஆரம்பித்தாள். சுவரை ஒட்டாதே, சுற்றிக் கட்டாதே, ஈரத்துணி வேண்டாம், பட்டால் உடனே காய்ந்த துணியால் துடை என்று சொல்லிக்கொண்டே போனவள், கேட்டவளின் முகம் குழம்புவதைப் பார்த்து நிறுத்தினாள்.

"காலு இருக்கா அதுக்கு?"

"இல்லக்கா, தரையிலதான் உக்காந்திருக்கு."

"மொதல்ல காலை வை. மத்தது எனக்கே சரியாத் தெரியல" என்றாள்.