கோல் போட்ட மண்டோர்

எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஓர் இரும்புச் சாவி சாத்தியிருக்கும். அப்போது நான் அதன் உயரம்கூட இல்லை. மேலே பிடிப்பதற்குக் குறுக்காக ஒரு கம்பி, அடியில் சதுரமாக ஒரு குழி. ரோட்டுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயின் வால்வைத் திருகுவதற்கான சாவி அது. விடிவதற்கு முன்பே அப்பா அதைச் சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காஜா பேராங்கில் ஒன்றைத் திறந்து, தெங்கேராவில் ஒன்றை மூடி, ஜாலான் பெண்டஹாரா கடைக்காரர்கள் வாசல் கழுவுவதற்குள் அங்கேயும் ஒன்றைத் திருகிவிட்டு, பாதி மலாக்காவைக் குளிப்பாட்டிய பிறகுதான் தன் கோப்பியைக் குடிப்பார். அப்படிப்பட்டவர் வீட்டில் குழாய் கிடையாது. தகரக் கூரை போட்ட பலகை வீட்டு வரிசை எங்களுடையது. பதினொரு குடும்பங்களுக்கு ஒரே பொதுக் குழாய். ஊருக்கே தண்ணீர் விடுகிறவரின் பெண்டாட்டி வாளியும் கையுமாக வரிசையில் நிற்பாள்.

இப்போது ஆயர் குரோவில் என் மகள் வீட்டில் இருக்கிறேன். குளிக்கும் அறையே மூன்று. சனிக்கிழமை சாயங்காலமானால் மாப்பிள்ளை தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். எங்கேயோ குளிர் தேசத்தில் பந்து உதைக்கும் ஒருவனைக் காட்டி, இவனுக்கு ஒரு வாரச் சம்பளம் இவ்வளவு அத்தை என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு, ஏதோ அந்தப் பணம் இவர் பையில் விழுகிற மாதிரி. நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்சாக, வேலை பார்த்தவள். எத்தனையோ பேரின் சீழையும் சிறுநீரையும் துடைத்திருக்கிறேன். என் ஆயுள் சம்பளத்தை அவன் ஒரு மத்தியானத் தூக்கத்தில் சம்பாதித்துவிடுவான். சரி, சம்பாதிக்கட்டும். கொடுக்கிறவன் கொடுக்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான். கைதட்டுகிறவனைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஜாதியை நான் சின்ன வயதிலேயே, அதுவும் சொந்த வீட்டிலேயே, பார்த்துவிட்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. வெள்ளைக்கார இஞ்சினியர் கப்பலேறிப் போய், அந்த நாற்காலியில் நம் நாட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம்; ஊருக்குத் தண்ணீர் விடும் அலுவலகம் என்றால் போதும். அப்பா அங்கே பதினெட்டு வருடமாக நாள் சம்பளக்காரர். மழை பெய்து வேலை நின்றால் சம்பளமும் நின்றுவிடும். அந்த வருடம் குழாய் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த குழாய் மண்டோர் ஓய்வு பெற்றார். மண்டோர் என்றால் மாதச் சம்பளம், பென்ஷன், இரண்டு அறை உள்ள கோட்டர்ஸ் வீடு, அதற்குள்ளேயே குழாய். நீண்ட நாள் வேலை செய்தவருக்குத்தான் அது போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்தது நீதான் என்று அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியே அப்பாவிடம் சொல்லியிருந்தார். அம்மா ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் காலி வீட்டைப் பார்க்கப் போனாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு பந்தாட்டக் குழு இருந்தது. எங்கள் அப்பாவின் குழு வருடா வருடம் ஆஸ்பத்திரிக் குழுவிடம் தோற்கும். அதிலும் அந்த முறை தோற்றதை ஆட்களால் ஜீரணிக்க முடியவில்லை. சம்பள உயர்வு கேட்டு ஒருநாளும் ஒன்று சேராத அந்த மனிதர்கள் கோப்பிக் கடையில் ஒன்று சேர்ந்தார்கள். தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரு பையன் இருக்கிறான், அவன் உதைத்தால் பந்து கண்ணுக்கே தெரியாது என்று எவனோ சொன்னான். அவனை வேலைக்கு எடுக்கச் சொல்லி இஞ்சினியருக்கு மனுப் போடுவது என்று முடிவாயிற்று. பெரிய கிராணி இங்கிலீஷில் டைப் அடித்தார். மூத்த ஆள் என்ற மரியாதைக்கு முதல் கையெழுத்து அப்பாவுடையது. என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, கீழே போட்ட முப்பது பேருக்கும் தெரியாது. மனுவை இஞ்சினியர் மேசையில் கொண்டுபோய் வைத்ததும் அப்பாதான்.

இஞ்சினியர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆனால் கோல் போடுகிறவன் என்று ஒரு பதவி அரசாங்கத்தில் கிடையாதே. ஏதாவது ஒரு காலி இடத்தில்தான் ஆளைப் போட வேண்டும். அலுவலகத்தில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று, குழாய் மண்டோர்.

செய்தியை அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொன்னார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க கையாலதான் கொண்டுபோய்க் கொடுத்தீங்களா?"

அப்பா சோற்றைப் பிசைந்தார். பிறகு, "டீம் ஜெயிக்கணும்லா," என்றார்.

வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். அப்பா மாதம் முழுக்க மழையில்லாமல் உழைத்து வாங்குவதைப் போல இரண்டு பங்கு அவனுக்குச் சம்பளம். போதாததற்கு ஆட்கள் தங்களுக்குள் காசு போட்டு அவனுக்குத் தினமும் முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கோப்பி ஊற்றிவிட்டு வந்தவர்கள் அவர்கள். வால்வை எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. காலையில் வந்து பெயரைக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திடலுக்குப் போய்விடுவான். அவன் வேலையையும் சேர்த்து அப்பா செய்து, ரிப்போர்ட்டை நீட்டுவார். அண்ணே, எங்கே போடணும் என்று அவன் கேட்பான். அப்பா விரலால் இடம் காட்டுவார். பையன் மோசமானவன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனாக யாரையும் எதுவும் கேட்டதில்லை. இவர்களாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

மறு வருடம் நல்ல வறட்சி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்று உத்தரவாயிற்று. இறுதி ஆட்டம் நெருங்க, திடலின் மண் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது. சென்டர் பார்வர்ட் பையன் விழுந்தால் முட்டி என்ன ஆவது? எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் விடும் காஜா பேராங் வால்வை இரண்டு நாள் மூடி, அந்தத் தண்ணீரைத் திடலுக்கு விடச் சொன்னார் இஞ்சினியர். அப்பா மூடினார். எங்கள் குழாயடியில் காலி வாளிகள் ரோடு வரைக்கும் நின்றன. பக்கத்து வீட்டுச் சிட்டிக் குடும்பத்து அக்காவுக்குத் தமிழ் வராது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னே மலாக்காவுக்கு வந்து தங்கிவிட்டவர்கள்; கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அந்த அக்கா அம்மாவைத் திட்டக்கூட இல்லை. உன் புருஷன் கையில்தானே சாவி இருக்கிறது என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். திடலின் நடுவில் ரப்பர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். புல் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் மண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ரொம்ப இளகினால் வழுக்கும், பதம் பார்த்துத்தான் விட வேண்டும் என்று எனக்கு விளக்கினார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பையன்மேல் வராத வெறுப்பு அன்றைக்கு என் தகப்பன்மேல் வந்தது.

ஜெயித்தார்கள். இரண்டு கோலும் அவன்தான். கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. உடம்பெல்லாம் புழுதியோடு வந்து குளிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

ஆறே மாதம். கோலாலம்பூரில் ஒரு பெரிய இலாகா இன்னும் அதிகச் சம்பளம் கொடுக்கிறதென்று பையன் கிளம்பிவிட்டான். வழியனுப்பப் போனவர்களில் பாதிப் பேர் அழுதார்களாம். கோட்டர்ஸ் மறுபடியும் காலியானது.  அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள், இஞ்சினியர் எந்த நாளும் கூப்பிடலாம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கிராணியே வீட்டுக்கு வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். நான் அப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நான் அதை வாங்கி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூவார் ஊரில் நல்ல கோல் கீப்பர் ஒருவன் இருக்கிறான், காலியாக இருக்கும் மண்டோர் இடத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளிகள் அனைவரும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கடைசி வரியை அப்பாவுக்காக இரண்டு தடவை சொன்னேன். அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

அப்பா தாளை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் மாதிரி நெடுநேரம் பார்த்தார். கிழித்துப் போடுவார் என்று நம்பினேன். கடவுள்மேல் ஆணையாக நம்பினேன். அவர் கிராணியை நிமிர்ந்து பார்த்தார்.

"பையன் ஒசரமா இருப்பானா?"

ஆறடி இருப்பான் என்றார் கிராணி. அப்பா என்னிடம் பேனா கேட்டார்.