ஒம்பது பிள்ளைகளும் ஒரு ஓட்டை வேனும்

ஸ்கூல் வேன் ஓட்டுறது பிள்ளைகள ஏத்தி எறக்குற தொழில்னு ஊரு நினைச்சுக்கிட்டு இருக்கு. அது கிடையாது. பிள்ளைகளப் பெத்தவங்ககிட்டப் பேச்சு வாங்குற தொழில். வண்டியும் பழசா இருந்துட்டா மெக்கானிக்கிட்டயும் சேத்து வாங்கணும். பழைய வண்டிய வாங்கிட்டு முழிபிதுங்கி நிக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்காகத்தான் இதச் சொல்றேன். மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

நான் முன்னால டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை எடுத்துக் காட்டிக்கிட்டு நின்னவ. நின்னவன்னா நெசமாவே நின்னவ. கடை தொறந்ததுல இருந்து அடைக்கிற வரைக்கும் உக்கார விடமாட்டாங்க. கால் ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள போகாது. வீட்டுக்காரர் சம்பாத்தியம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாப் போச்சு. அதான் டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வேன வாங்கி, ஒத்தக்கடையில இருந்து டவுன் ஸ்கூலுக்கு ஒம்பது பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறேன். இந்த வண்டி படுத்துருச்சுன்னா நான் திரும்பப் போயி அந்தக் கடையில நிக்கணும். என் கோவத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

ஒரே ஓனர் வண்டி

"ஒரே ஓனர்க்கா. ரிட்டயர்டு வாத்தியாரு. மாசம் ஒருக்கா அழகர்கோவிலுக்குப் போயிட்டு வர்றதோட சரி, வண்டி வெயிலே பாத்ததில்ல"ன்னு புரோக்கர் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். நானும் நம்பி, வளையல வித்துப் பணத்தக் குடுத்தேன். வீட்டுல கொண்டாந்து நிறுத்தி, கழுவலாம்னு தரைவிரிப்பத் தூக்குனா ஆட்டுப் புழுக்கை! ஒண்ணு ரெண்டு இல்ல. சீட்டுக்கு அடியில, கதவு ஓடுற பள்ளத்துல, எங்க பாத்தாலும் புழுக்கை. அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டை வழியா ரோடு தெரியுது. வெல்டிங்கு, பெயிண்ட்டு, சீட்டு கவருன்னு பிள்ளைகள ஏத்துறதுக்கு முன்னாலயே ஆறாயிரம் காலி.

கொதிச்சுப் போயி போன் போட்டேன். "ஏண்டா, உங்க வாத்தியாரு மாசா மாசம் கருப்பசாமிக்கு கிடா வெட்டவா போனாரு?"ன்னு கேட்டேன். அந்த ஆளு கொஞ்சம்கூட அசரல. "ஏன்க்கா சத்தம் போடுறீங்க? பதினஞ்சு ஆடு ஏறியும் தாங்குன வண்டி, ஒம்பது பிள்ளைகளத் தாங்காதா?"

தண்ணி

இந்த மாதிரி வேனுல எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில இருக்கும். சூடானா மொதல்ல நம்ம தொடைக்குத் தெரியும், அப்புறந்தான் மீட்டர் முள்ளுக்குத் தெரியும். பங்குனி வெயிலு. ஸ்கூல் விட்டு வர்றப்ப மாட்டுத்தாவணி தாண்டுனதும் சீட்டு தோசைக்கல்லாட்டம் சுட்டுச்சு. ஓரங்கட்டி, பிள்ளைகள ஒரு வேப்பமரத்து நெழல்ல நிறுத்திட்டு, நல்லா ஆறவிட்டு மூடியத் தொறந்தா ரேடியேட்டர் வறண்டு கிடக்கு. ஓஸ் பைப்பு கிழிஞ்சிருக்கு. அதுல டேப்பச் சுத்திட்டேன், ஆனா என்கிட்ட இருந்த தண்ணி பத்தல. பிள்ளைகளே ஓடியாந்து வாட்டர் பாட்டில நீட்டுச்சுக. "ஆன்ட்டி, நான் இன்னைக்கு குடிக்கவே இல்ல, முழுசா இருக்கு"ன்னு ரித்திகா குடுத்தா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தத் தண்ணிய ஊத்தித்தான் உருட்டி உருட்டி வண்டியக் கொண்டாந்து சேத்தேன். புது ஓஸு, கூலன்ட்டு, கூலி எல்லாம் சேத்து ஆயிரத்து எரநூறு.

வீட்டுல வந்து செருப்பக் கழட்டல, ரித்திகாவோட அம்மா போன் பண்ணிட்டாங்க. வெயில்ல தவிச்சுட்டீங்களேன்னு கேக்கப் போறாங்கன்னு ஆசையா எடுத்தேன். "செல்விக்கா, அது ஆர்.ஓ. தண்ணிக்கா. அதப் போயா வண்டிக்கு ஊத்துவீங்க?"

சைலன்சர்

சைலன்சர்ல ஓட்டை விழுந்து ஒரு மாசம் வண்டி கத்துன கத்துல தெருநாய் எல்லாம் பின்னாலயே ஓடியாந்துச்சு. தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம காதப் பொத்திக்கிட்டு என்னைய மொறைச்சாங்க. எனக்கே வெக்கமாப் போச்சு. சரின்னு ரெண்டாயிரத்து ஐநூறு செலவழிச்சு புது சைலன்சர் போட்டேன். வண்டி பூனை மாதிரி வந்துச்சு. பெருமையா இருந்துச்சு எனக்கு.

மறுநாள் காலைல ஒரு வீட்டு வாசல்லயும் பிள்ளையக் காணோம். ஹாரன் அடிச்சா ஒருத்தி பல்லு வெளக்கிக்கிட்டு எட்டிப் பாக்குறா, இன்னொருத்தி ஈரத் தலையோட நிக்கிறா. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஸ்கூல் கேட்டப் பூட்டிட்டாங்க. அத்தன பிள்ளைகளுக்கும் லேட்டு, வாட்ச்மேன்கிட்ட எனக்கு ஏச்சு. என்னடி விசயம்னு பாத்தா, முந்தின தெருவுல நான் வர்றப்பவே சத்தம் கேக்குமாம், அதக் கேட்டுத்தான் அம்புட்டு வீட்டுலயும் பிள்ளைக்குத் தலை சீவுவாங்களாம்! காதப் பொத்துன அதே அம்மாதான் ஜன்னல் வழியாக் கேட்டாங்க: "ஏன்க்கா, அந்தப் பழைய சத்தத்த மறுபடியும் வைக்க முடியாதா?"

கிளட்சு

வண்டியூர்ல காதர் அண்ணன் பட்டறைதான் எனக்கு ரெண்டாவது வீடு. நல்ல மனுசன், ஆனா அவரு "தங்கச்சி"ன்னு கூப்புட்டா செலவு ஏறிருச்சுன்னு அர்த்தம். கியரு விழ மாட்டேங்குதுண்ணே, கேபிள் மட்டும் மாத்துங்கன்னு விட்டேன். காலைல போன்: கேபிள் இல்ல தங்கச்சி, கிளட்ச் பிளேட்டு. மத்தியானம் போன்: பிளேட்டு மட்டும் போட்டா நிக்காது தங்கச்சி, செட்டா மாத்திருவோம். சாயங்காலம் போன்: எறக்குனது எறக்கியாச்சு, எஞ்சின் மவுண்டிங்கும் தேஞ்சிருக்கு தங்கச்சி.

எட்டாயிரத்துல வந்து நின்னுச்சு. அந்த மாச ஃபீஸுல பாதிக்கு மேல அங்கேயே போச்சு. நேராப் போயிட்டேன். "ஏண்ணே, மொத்தம் எம்புட்டு ஆகும்னு மொதல்லயே ஒரே வார்த்தையாச் சொன்னா என்ன?"ன்னு கத்துனேன். அவரு கையத் தொடைச்சுக்கிட்டே நிதானமாச் சொன்னாரு: "மொத்தத்தையும் சொன்னா நீ வண்டிய இங்கேயே விட்டுட்டுப் போயிருவ தங்கச்சி, எனக்கு நிப்பாட்ட எடம் இல்ல."

மெதுவாப் போங்க

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காசோட போச்சு. இது அப்படி இல்ல. ஒரு சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் எறக்கிட்டு வெறும் வண்டியா நரசிங்கம் ரோட்டுல திரும்புறேன். பிரேக்க மிதிச்சா, பெடல் தரை வரைக்கும் போயிருச்சு. வண்டி நிக்கல. கியரக் கொறைச்சு, ஹேண்ட் பிரேக்க இழுத்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல்ல ஏத்தி நிறுத்துனேன். பின்னால காலி சீட்டத் திரும்பித் திரும்பிப் பாத்தேன். பத்து நிமிசத்துக்கு முன்னால அதுல பிள்ளைக உக்காந்திருந்துச்சுக. ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுதுட்டேன்.

பிரேக் ஆயில் ஒழுகியிருக்கு. மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேலை, ரெண்டு நாள் ஆகும், ஏழாயிரத்து ஐநூறுன்னு காதர் அண்ணன் இந்தத் தடவ ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாரு. வாட்ஸப் குரூப்புல நடந்ததச் சொல்லி, ரெண்டு நாள் வேன் வராதுன்னு போட்டேன். ஒருத்தராவது "உங்களுக்கு ஒண்ணும் ஆகலயேக்கா"ன்னு கேக்கணுமே! பரீட்சை நேரத்துல இப்பிடியான்னு ஒருத்தர், ஆட்டோ காச நீங்க தருவீங்களான்னு இன்னொருத்தர். கவினோட அப்பா போனே பண்ணிட்டாரு: "ஏன்க்கா, பரீட்சை முடியிற வரைக்கும் மெதுவா ஓட்டுனா பிரேக்கு எதுக்கு?"

புது பிரேக்கு

எனக்கு வந்த ஆத்திரத்துல, "உங்க பிள்ளைய உங்க மடியில வச்சு நீங்க ஓட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு போன வச்சுட்டேன். ரெண்டு வீட்டுக்காரங்க அன்னைக்கே வேற வண்டி பாத்துக்கிட்டாங்க. ஒம்பது ஏழாச்சு. இன்னும் ரெண்டு போனா டீசலுக்கே கட்டாது, ஜவுளிக்கடைதான் கதின்னு தெரிஞ்சுதான் வண்டியப் பட்டறையில போட்டேன். பயத்தோடதான் போட்டேன், ஆனா போட்டேன்.

மூணாம் நாள் காலைல ஏழு பிள்ளைகளோட மேலூர் ரோட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கேன். சந்துல இருந்து ராங் சைடுல ஒரு பைக்கு, முன்னால ஒரு சின்னப் பிள்ளைய உக்கார வச்சுக்கிட்டு, சர்ருன்னு குறுக்க வந்துருச்சு. மிதிச்சேன். வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அந்தப் பிள்ள மூஞ்சி என் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி. அது என்னையப் பாத்துச் சிரிக்குது. பைக்குக்காரன் என்னைய ஏசிட்டுப் போயிட்டான். பின்னால திரும்பிப் பாத்தேன், ஏழும் சொகமா இருந்துச்சுக. ஆத்தா மீனாச்சின்னு வாய்விட்டே கும்புட்டேன்.

சாயங்காலம் கவினோட அம்மா வாசல்லயே காத்துக்கிட்டு நின்னாங்க. பய எறங்குனதும் அவன் வெள்ளச் சட்டையப் புடிச்சு இழுத்துக் காட்டுனாங்க, மஞ்ச மஞ்சளா. "போன வாரம் வரைக்கும் வண்டி இப்பிடி டக்குன்னு நிக்காதேக்கா, டிபன் பாக்ஸ் கவுந்து பிள்ள சட்டையெல்லாம் சாம்பாரு!"

ஓட்டை வண்டி வச்சிருக்கிற சொந்தங்களே, எப்படியும் நமக்குப் பேச்சு நிச்சயம்னு ஆகிப்போச்சு, அத வண்டி நிக்காமப் போனதுக்காக வாங்காம, பிரேக்குல நின்னதுக்காக வாங்கிக்கிறதுதான் நமக்குக் கிடைக்கிற ஒரே லாபம்.