ஐந்து மணிக்குள் வரும் அழைப்பு: எலப்புள்ளியிலிருந்து பள்ளிவாசல் வரை

மூணாறுக்கு உடுமலைப்பேட்டை வழியாகப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனேன். பாதை அருமை. நான்தான் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வழி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பாலக்காடு, கோயம்புத்தூர் பக்கத்து சாஃப்ட்வேர் ஆட்கள் நூறு பேர் போல ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். தினமும் அதில் சண்டை போடுவோம், வருடத்துக்கு ஒருமுறை எங்காவது கூடிச் சமாதானம் ஆவோம். இந்த முறை மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில். என்னோடு வேலை பார்க்கும் ஜெனிட்டாவின் ஊர் அது. அவள் அம்மா அங்கே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். சனிக்கிழமை கூட்டத்தில், ஏஐ எழுதித் தரும் புரோகிராமை எப்படிச் சோதிப்பது என்று நான் பேசுவதாக ஏற்பாடு. தலைப்புக் கொடுத்தபோது நல்ல தைரியத்தில் இருந்தேன்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஏஐயால் வேலை வேகமாகிவிட்டதாம், அதனால் ஆட்களைக் குறைக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் யாருக்குப் போன் வருகிறதோ அவர்களுக்கு வேலை இல்லை. வராதவர்கள் திங்கட்கிழமை வழக்கம்போல் லாகின் செய்யலாம். பாதுகாப்புக்காக எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றிவிடவும் சொன்னார்கள். பயணத்தை ரத்து செய்யலாமா என்று யோசித்தேன். போனை வீட்டில் உட்கார்ந்து முறைப்பதும் காரில் உட்கார்ந்து முறைப்பதும் ஒன்றுதான் என்று கிளம்பிவிட்டேன்.

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் டாக்சி பிடித்தபோது காலை பத்தரை. டிரைவர் கனகராஜ் எங்கள் ஊர்க்காரர். கேரள வண்டி தமிழ்நாட்டுக்குள் புகுந்து திரும்பக் கேரளாவுக்குள் போகிற வழி என்பதால் பெர்மிட்டை முந்தின நாளே ஆன்லைனில் எடுத்து வைத்திருந்தார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஜெனி ஏறிக்கொண்டாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

உடுமலை வரை அவள் வாய் ஓயவில்லை. அம்மாவுக்கு அடுத்த வருடம் ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அடிமாலியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாள். அம்மாவுக்காக மாடி வேண்டாம் என்று கீழ்வீடாகப் பார்த்தாளாம். நான் ம் போட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய பாருங்க. இத்தன காசு குடுத்து கார் புடிச்சுட்டு போனையே பாத்துட்டு வாரீங்களே," என்றார் கனகராஜ்.

உடுமலையில் மதியச் சாப்பாடு. ஜெனிக்குப் போன் வந்தது, எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது அவள் இலையில் ரசம் ஆறிப்போயிருந்தது. "அம்மாட்ட பேசுனேண்ணே" என்று சொல்லிவிட்டு இலையை மூடினாள். எனக்கு மோர் பாக்கி இருந்தது, குடித்து முடித்தேன்.

சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டுகையில் மணி இரண்டரை இருக்கும். காய்ந்த முள்காடு, வளைவுக்கு வளைவு குரங்குகள், தூரத்தில் ஒரு யானை நின்றதாகக் கனகராஜ் சொல்கிறார். நான் பார்த்ததெல்லாம் 'நெட்வொர்க் இல்லை' என்ற எழுத்துகளை மட்டும்தான். இந்தக் காட்டுக்குள் இருக்கும்போது போன் வந்து, கிடைக்காமல், நேராக மெயில் அனுப்பிவிட்டால்? ஜெனி ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள், கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன்.

மறையூரில் டவர் வந்ததும் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றின் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். அலுவலகக் கணக்குக்குள் நுழையப் பார்த்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன், தவறு. ஐந்தாவது தடவை, 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, நிர்வாகியை அணுகவும்' என்று வந்தது. போனில் இருந்த அலுவலகச் செயலியும் வெளியே தள்ளிவிட்டது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: வேலை போன செய்தி வருவதற்கு முன்பே கணக்கு போய்விடும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஜெனி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, பாஸ்வேர்டு தப்பாப் போட்டிருப்பீக. டீம் லீடுக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க."

"உனக்கென்ன, உனக்கு வேலை இருக்கு, நீ பேசுவ," என்றேன். உன் லேப்டாப்பைக் கொடு என்றதற்குச் சார்ஜ் இல்லை என்றாள்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'எனக்கும் வேலை போய்விட்டது. ஜாவா, பதினோரு வருட அனுபவம். எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள்.' அடுத்த நிமிடமே முதல் பதில் ஜெனியிடமிருந்து. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே எழுதியிருக்கிறாள்: 'மூன்று வருடம் கூட வேலை பார்த்திருக்கிறேன். நம்பி எடுக்கலாம்.' அதன் பிறகு மளமளவென்று வந்தன. வருடம் முழுக்க என்னோடு சண்டை போட்டவர்கூடத் தன் கம்பெனியில் பேசுவதாக எழுதினார். மூணாறு வரை அழுதுகொண்டே போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மூணாறில் நெரிசல் முக்கால் மணி நேரத்தை விழுங்கியது. பள்ளிவாசலில் ஜெனி வீட்டு முன்னால் இறங்கும்போது ஐந்தரை ஆகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கனகராஜ், "அம்மிணி, பாவமுங்க இவரு, வேலை போயிருச்சுங்களாமா," என்று ஜெனியின் அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டார்.

அப்போதுதான் டீம் லீட் கூப்பிட்டார். எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் போய் நின்றேன். "என்னங்க, குரூப்ல என்னவோ போட்டிருக்கீங்களாம்? உங்க பேரே இல்லையே. பழைய பாஸ்வேர்டை அஞ்சு தடவை அடிச்சு நீங்களே லாக் பண்ணி வச்சிருக்கீங்க." சிரித்தார். மாற்றியது என் மண்டைக்கு ஞாபகம் இருந்திருக்கலாம், விரலுக்கு இல்லை. உடம்பில் உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில், "அப்ப ஜெனியும் நானும் தப்பிச்சோம்," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "மதியமே அவங்களுக்குப் போன் பண்ணிட்டோமே. அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

உள்ளே போனேன். ஜெனியின் அம்மா பால் விடாத கட்டன் சாயாவைக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார். "கலங்காதீக தம்பி. எங்க ஜெனி கம்பெனில சொல்லி ஒங்க வேலையத் திருப்பி வாங்கித் தருவா. அவ சொன்னா கேப்பாக."

அடுப்படி வாசலில் நின்ற ஜெனி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு வெளியே வைத்துக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொல்லத்தாண்ணே பாத்தேன். அதுக்குள்ள நீங்க அழ ஆரம்பிச்சிட்டீக. ரெண்டு பேரும் அழுதா கனகராஜ் அண்ணன் வண்டிய எப்பிடி ஓட்டுவாரு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாட்ட ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்து சொல்லுறேன். அதுவரைக்கும் வேல போன ஆளு நீங்கதான். சமாளிச்சுக்கங்க."

சமாளித்தேன். இரண்டு நாளும் வேலை போனவனாக அந்த வீட்டில் சாப்பிட்டேன். மீன் குழம்பில் பெரிய துண்டெல்லாம் என் தட்டுக்கே வந்தது. சனிக்கிழமை கூட்டத்தில் சோதனை பற்றிப் பேசவில்லை. ஜெனியைக் கேட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். எனக்கு வந்த எல்லாப் பதில்களுக்கும் கீழே, 'ஆள் நான் இல்லை, ஜெனிட்டா. மூன்று வருடம் கூட வேலை பார்த்திருக்கிறேன், நம்பி எடுக்கலாம்' என்று எழுதினேன். என் பெயருக்கு வந்த பதில்களில் பாதிகூட அவள் பெயருக்கு வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இதை எழுதும்போது அவளுக்கு ஒரு இன்டர்வியூ முடிந்திருக்கிறது, முடிவு தெரியவில்லை. அவளைக் கேட்டுத்தான் இதை வெளியிடுகிறேன்.

இனி வழி. மொத்தம் ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீட்டர், ஓய்வோடு ஏழு மணி நேரம். டாக்சிக்குப் போக மட்டும் ஆறாயிரம் ஆனது, பெர்மிட் தனி. காட்டுப் பாதையை மாலையில் மூடிவிடுவார்கள், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு மதியச் சாப்பாடு முடிந்ததும் உடுமலையைத் தாண்டிவிடுங்கள். சின்னாறிலிருந்து மறையூர் வரை சிக்னலை நம்ப வேண்டாம், பேச வேண்டியதை முன்னாலேயே பேசிவிடுங்கள். பாஸ்வேர்டு மாற்றியிருந்தால் கிளம்பும் முன் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு உடுமலையில் நிறுத்துங்கள், நல்ல கடைகள் உண்டு. கூட வந்தவர் பாதிச் சாப்பாட்டில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், திரும்பி வந்து இலையை மூடினால், உங்கள் மோரை வைத்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.