எதிர்க்கடையை விட ஒரு காசு கம்மி

கோட்டைவேல் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம் நெஞ்சு வலி... அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

கோட்டைவேல் என்பது கேமில் அவர் பெயர். நிஜப் பெயர் எனக்கே நேற்றுத்தான் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டு ஆட்களோடு எனக்குச் சண்டை இல்லை.

நேற்று சாயங்காலத்திலிருந்து, கேம் ஆடுகிற எங்கள் சங்கத்து குரூப் முழுக்க அவர் படம்தான். தங்கமான மனுஷன், சிரித்த முகம், மனசு ஆறவில்லை... இப்படியே போகிறது.

சங்கத்தை நடத்துகிற செல்வி அக்கா எனக்குத் தனியாக மெசேஜ் போட்டார். "நீ நல்லா எழுதுவேல்ல. எதிர்க்கடைக்காரி வேற. அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிப் போடு தங்கம்."

யோசித்துப் பார்த்தேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... அது வாளும் மந்திரமும் டிராகனும் இருக்கிற கேம். எல்லோரும் சண்டைக்குப் போவார்கள். நான் போக மாட்டேன். சந்தைத் தெருவில் ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். சண்டைக்குப் போகிறவர்களுக்கு மருந்து, அம்பு, கயிறு, பந்தம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆதனக்கோட்டையில் அம்மாவோடு முந்திரிக் கொட்டை உடைக்கிறேன். ஆள் முகம் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

அந்தக் கடையில் பேச வேண்டியதில்லை. போர்டில் எழுதி வைத்தால் போதும். அதனால்தான் அது எனக்குப் பிடித்தது.

காயம் ஆற்றுகிற சிவப்பு மருந்துக்கு கேமில் ஏதோ இங்கிலீஷ் பெயர். கடைக்காரர் இஷ்டத்துக்கு அதை மாற்றலாம். நான் 'கசாயம்' என்று மாற்றினேன். தமிழ் ஆட்கள் எல்லாம் தேடி வந்தார்கள். "கடக்காரரே, ரெண்டு கசாயம்" என்று டைப் செய்து சிரிப்பார்கள்.

அப்படி வந்தவர்தான் இவரும். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம மாவட்டமா. நான் அறந்தாங்கி. ஏத்தா, கசாயம்னு ஏன் பேரு வச்ச?"

நம்ம மாவட்டம் என்ற ஒரு வார்த்தைக்கு ஏமாந்தேன்.

எழுதினேன். சின்ன வயதில் எனக்குச் சளி பிடித்தால் அப்பா மடியில் போட்டு, மூக்கைப் பிடித்துக் கசாயம் ஊற்றுவார். விழுங்கியதும் வாயில் ஒரு துண்டு வெல்லம் வைப்பார். அப்பா மலேசியா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதனால் அந்தப் பெயர்... அவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

அடுத்த வாரம் எனக்கு நேர் எதிரே அவர் கடை. அங்கேயும் கசாயம், அம்பு, கயிறு, பந்தம். போர்டில், 'எதிர்க்கடையை விட ஒரு காசு கம்மி.'

கேமில் அதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது. நான் என்ன விலை வைத்தாலும் அவர் விலை தானாக ஒரு காசு குறைந்துகொள்ளும். அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

இது நியாயமா என்று கேட்டேன். பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "ஒனக்குப் பேரு வைக்கத் தெரியும், விக்கத் தெரியாது. அதான் நான் விக்கிறேன். கோவிச்சுக்காதத்தா."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் சங்கத்தின் வாய்ஸ் மீட்டிங். எல்லோரும் லைனில். கசாயம் என்று பெயர் வைத்தது யார் என்று யாரோ கேட்டார்கள்.

நான் மைக்கை ஆன் செய்தேன். வாயையும் திறந்தேன். சத்தம் வரவில்லை. பக்கத்தில் அம்மா கொட்டை உடைக்கிற சத்தம் மட்டும் டக் டக் என்று போனது.

"யாரு வீட்லயோ கொட்டை ஒடைக்கிறாங்க. மைக்க அமத்துங்கப்பா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அது யார் வீடு என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் சொன்னார். "நாந்தான் வச்சேன். சின்னப் புள்ளையில எங்கப்பா மூக்கப் புடிச்சு ஊத்துவாரு. முழுங்குனதும் வாயில ஒரு துண்டு வெல்லம்."

வெல்லத்தைக்கூட விடவில்லை.

மைக்கை அமத்திவிட்டேன். அன்றைக்கு அமத்தியதுதான்.

இப்போது குரூப்பில் எல்லோரும் அந்த வெல்லத் துண்டைச் சொல்லித்தான் அழுகிறார்கள். 'கசாயம் தந்த அண்ணன்'. சந்தைத் தெருவுக்கு அவர் பெயரையே வைக்கப் போகிறார்களாம்.

இன்று காலை கேமைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஆள் வராவிட்டாலும் சரக்கு தீரும்வரை கடைக்காரர் பொம்மை கடையிலேயே இருக்கும். போர்டும் அப்படியே இருந்தது. ஒரு காசு கம்மி.

என் கசாயத்தின் விலையை ஒரு காசு ஆக்கினேன். அவர் விலை தானாக இறங்கியது... பூஜ்யம்.

அம்பு. கயிறு. பந்தம். எல்லாவற்றுக்கும் அதையே செய்தேன். அந்தக் கடை காலியாக வேண்டும், அந்த போர்டு என் கண்ணில் படக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெரு நிறையக் கூட்டம். சும்மா கிடைத்தால் விடுவார்களா. அள்ளினார்கள்.

குரூப்பில் ஒருவர் போட்டார். "செத்தும் குடுக்குறாருய்யா மனுசன்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். செல்வி அக்காவும் ஒன்று போட்டிருந்தார்.

இதுவும் அவர் பெயருக்கே போனது.

கடைசியில் ஒரே ஒரு கசாயம் மிச்சம். வேறு யாரும் தொடுவதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். போர்டு அணைந்தது. அவர் எழுந்து நின்றார்... அப்படியே மறைந்துபோனார். எதிரே வெறும் தரை.

அக்கா, நாலு வார்த்தை கேட்டீர்கள். அதற்கு மேலேயே எழுதிவிட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. கசாயம் நான் வைத்த பெயர். அந்த வெல்லம் என் அப்பா வைத்தது.