காட்டுச்சேவல் இறகு

செல்வி அக்காவின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். இன்று வார்னிஷ் வாசம் அடித்ததும், நாயுடுபுரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலோரம் அவர் வெளிநாட்டார் சால்மன் மீனை ஏய்த்துப் பிடிக்கும் தூண்டில் முள்ளில் பட்டுநூல் சுற்றி, காட்டுச்சேவலின் கழுத்திறகு கட்டி, வார்னிஷ் தொட்டு வைப்பதை சிறுவனாய் மூச்சடக்கிப் பார்த்திருந்த காலம் திரும்பி வந்தது.

இறகுதோறும் மெழுகு சொட்டியதுபோல் மஞ்சள் பொட்டு மின்னும். காணாமல் போனது தெரியாதென்று ஜோடிக்கு ஒன்றாகத் திருடினேன். முள்ளின் இருபுறமும் ஒன்றுபோலிருக்கும் ஜோடி இறகு வேண்டுமென்று அறியவில்லை. மாதிரி கேட்டு வந்த வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்ட அக்காவிடம் ஒரு ஜோடிகூட இல்லை.

மறுநாள் அழுதபடி திருப்பிக் கொடுத்தேன்.

“திருடுறதுலயும் சிக்கனமாலே? அவரு வெள்ளனே பஸ் ஏறிட்டாரு” என்றார்.

பிறகு ஒரு ஜோடி சேர்த்துக் கட்டி வெயிலில் தூக்கிப் பிடித்தார். அது உயிருள்ள பறவைபோல் சுடர்ந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, ஜன்னலைச் சாத்தினார்.