காதால் வாங்கிய டிஃபரன்ஷியல்

ஐப்பசியில் துலாமழை தொடங்குவதற்குள் கார் சரியாகவில்லையென்றால் பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிடுவேன் என்று என் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை. அதனால்தான் பயந்தேன்.

பொன்முடிக்குப் போகிற மலைப்பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். எங்கள் வீடு கீழே நகரத்தில், ஆரியசாலையில், அரிசி மொத்தக் கடைகளுக்குப் பின்னால். நான்கு வருடமாகக் காலையில் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பகல் முழுக்க அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அச்சகத்துக்குப் பிழை திருத்தி, மாலையில் அவளோடு திரும்பி வருவேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியாத நாற்பத்தொன்பது வயதுக்காரனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டுவேன். அன்றைக்கு மனதில் ஓடுகிற வரி, கரமனையாற்றின் நிறம், லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பது, எதிரே வந்தவனின் குடை. என் கவிதைகளில் பாதி அந்த ஸ்டியரிங்கின் முன்னால்தான் பிறந்தன. அவள் கேட்டுக்கொண்டு வருவாள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கார் பழையது. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசை போகிற வகை. மழையில் மலைப்பாதை முழுக்கப் பாசியும் சேறுமாகக் கிடக்கும்போது முன் சக்கரங்கள் மட்டும் இழுத்தால் போதாது, பின்னாலிருந்தும் தள்ள வேண்டும். அதற்காகவே தேடி வாங்கிய வண்டி. ஜூன் மாதம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் தண்ணீர் கட்டி நின்றபோது, மற்றவர்கள் எல்லாம் ஓரமாக நிறுத்திக் காத்திருக்க, நான் மட்டும் பொறுக்காமல் உள்ளே விட்டேன். வண்டி கரையேறியது. ஆனால் ஆகஸ்டில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். நாளுக்கு நாள் தடித்தது.

புதன்கிழமை காரைக் கிள்ளிப்பாலத்தில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் மார்த்தாண்டத்துக்காரர், என் வயதுதான். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் என்கிற இரும்புப் பெட்டியின் மேல் திருகை முதலில் கழற்றினார். கீழ்த் திருகுதானே எண்ணெய் வடிக்க, மேலே எதற்கு என்று கேட்டேன். மேல் திருகு வழியாகத்தான் புது எண்ணெய் விட வேண்டும், அது துருப்பிடித்து வர மறுத்தால் வடித்ததெல்லாம் வீண், திரும்ப நிறைக்க வழியிருக்கிறதா என்று தெரிந்தபிறகே காலி செய்ய வேண்டும் என்றார். பிறகு கீழ்த் திருகைத் திறந்தார். தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய் வெளுத்து, நுரைத்து, நடுநடுவே இரும்புத் துகள் மின்ன இறங்கியது. தம்பானூர்த் தண்ணீர்.

"நல்ல பால்சாயா. ஒரு பருப்புவடையும் இருந்தா சாப்பிடலாம்," என்றார். "உள்ள பல்லெல்லாம் தின்னு தீத்தாச்சு அண்ணாச்சி. வேற டிஃபரன்ஷியல் வாங்கிக் கெட்டணும்."

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம் ஒன்று கழக்கூட்டத்தைத் தாண்டி ஹைவேயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வருகிறேன், அதுவரை அவசரப்பட்டு வெப்ராளப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் வெப்ராளத்தாலேயே ஆனவன். அந்த வாரம் அவள் விடியுமுன் எழுந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தோன்றும். வியாழக்கிழமையே தனியாகக் கிளம்பிப் போனேன்.

அங்கே தகரக் கூரையின் கீழ் என் வண்டியின் டிஃபரன்ஷியல் போலவே மூன்று கிடந்தன. அச்சு அசல் ஒரே உருவம். ஒவ்வொன்றையும் கையால் சுழற்றி, டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பதுபோல இரும்பில் காதை வைத்துக் கேட்டேன். முதலாவது கரகரத்தது. இரண்டாவதில் எங்கோ ஒரு தட்டல். மூன்றாவது ஆழ்ந்து தூங்குகிறவனின் மூச்சுபோல ஓடியது. அதை ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் சாய்த்து உட்காரவைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். அவசரப்பட்டுவிட்டீர்களே என்று மெக்கானிக் முகம் சுளித்தார். நன்றாகப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று ஒருவர் சொன்ன சாமானை அவர் கண்முன்னாலேயே மறுபடி சோதிப்பது, மெக்கானிக்கைப் பொறுத்தவரை, சொன்னவரை முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்வதற்குச் சமம். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கழற்றத் தொடங்கினோம். நானும் கூட மாட நின்றேன். முன்னாலிருந்து விசையைக் கொண்டுவரும் நீளத் தண்டு பெட்டியோடு சேரும் இடத்தில் அவர் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் சேர. நான்கு போல்ட்டு. தண்டை இறக்கிக் கயிற்றில் கட்டினார். இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகிற ஆக்சில்களை நெம்பி உருவினார். ஜாக்கியைப் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்து, வண்டியின் உடலோடு பிடித்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். கடைசி போல்ட்டு வந்ததும் முழு கனமும் ஜாக்கியில் உட்கார்ந்தது. நான் மல்லாந்து படுத்து ஒரு பக்கத்தைத் தாங்கினேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் தள்ளிக்கொண்டே அவரவர் வேகத்தில் ஓடவிடுவதுதான் இந்தப் பெட்டியின் வேலை. தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு கவிதை அந்த நிமிடமே வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததால் வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

பழையதும் நான் வாங்கியதும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, மெக்கானிக் புது ஆயில் சீல் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். சாலை பஜார் கடைகளில் சாமான் வாங்கிவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி, அதற்குள் மக், துடைப்பம், கொசுவர்த்திச் சுருள். பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"போல்ட்டு ஓட்டையெல்லாம் சேருது டீச்சர்," என்றார் மெக்கானிக்.

"வெளிய சேருது. உள்ளயும் சேருமா?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, எண்ணித்தானே வாங்கினிய?"

எதை எண்ணுவது என்று கேட்டேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். உருவம் ஒன்றாக இருந்தாலும் ஒரே காரின் வெவ்வேறு மாடலுக்கு உள்ளே பல் எண்ணிக்கை வேறாக இருக்குமாம். தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்கிற கணக்கு. முன் சக்கரங்கள் ஒரு கணக்கிலும் பின் சக்கரங்கள் இன்னொரு கணக்கிலும் ஓடினால் வண்டி தனக்குள்ளேயே இழுபறி நடத்திச் சீக்கிரம் கரிந்துபோகும். மலையேற்றத்தில் முதல் வாரமே.

"பின்ன எதைப் பாத்து வாங்கினிய?"

"காது வெச்சு. சத்தம் சுத்தமா இருந்தது."

"டிஃபரன்ஷியல் வாங்கப் போனியளா, வீணை வாங்கப் போனியளா?"

அவள் சிரிக்கவில்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணலாம் என்றாள். துணியில் கரி பற்றும் டீச்சர் என்று அவர் தடுத்தும் பெஞ்சின் முன் குனிந்தாள். அவர் முதலில் பழைய பெட்டியை எடுத்தார். ஒரு பக்கத்துத் துவாரத்தைக் கம்பியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை நிதானமாக முழுதாய் இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் இரண்டு மடங்கு ஓடும், அதனால் இரண்டு சுற்று. பெட்டியின் முன்னால், தண்டு வந்து சேரும் வட்டில் சாக்பீஸால் போட்ட கோட்டை அவள் பார்த்து எண்ணினாள். இரண்டரைச் சுற்றும் ஒரு விரல்கடையும். பிறகு என்னுடையது. கோடு இரண்டரையைத் தாண்டி, நிற்காமல் போய், ஏறக்குறைய மூன்றில் நின்றது. இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். மறுபடியும் மூன்று.

தப்பு எனக்கும் உண்டு, நான் கேட்டிருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை எதிரே டீக்கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு நாள்கூடத் தாமதம் ஆகாது, இன்றைக்கே போய் மாற்றிவிடுவேன், நீ அங்கே தங்க வேண்டிவராது என்று நான் வேகவேகமாகச் சொன்னேன்.

"சாவி வாங்கியாச்சு," என்றாள்.

எந்தச் சாவி என்றேன்.

"குவார்ட்டர்ஸ் சாவி. ரெண்டு வாரமாச்சு."

வாளி. துடைப்பம். கொசுவர்த்தி. எங்கள் வீட்டில் மூன்றும் இருக்கின்றன.

"அப்ப வண்டி சரியானா?"

"சரியானாலும் போவேன். திங்கள்லேருந்து வெள்ளி வரை. காரைச் சொன்னா எளுப்பமா இருக்கும்னு காரைச் சொன்னேன்." டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "முனகல் வந்த பெறவு நீங்க பேச்ச நிப்பாட்டிட்டீங்க, அல்லே? அதையே கவனிச்சிட்டு ஓட்டினீங்க. அந்த ரெண்டு மாசந்தான் நான் வழியில உள்ள காட்டப் பாத்தேன்."

 

என் வரிகள் பிடிக்காமல் இல்லை என்றாள். காலையில் இரண்டு மணிக்கூர், மாலையில் இரண்டு மணிக்கூர், நடுவில் நாற்பது பிள்ளைகள். "எனக்குள்ள என்ன ஓடுதுன்னு நானே கேக்க ஒரு நேரம் வேண்டாமா?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு ஏதோ. நான்கு வருடம் பக்கத்து சீட்டில் இருந்தவளின் முகத்தை நான் காதால் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவள் மறுத்துப் பேசாமல் இருந்ததை, கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரும்பில் ஒரு மணி நேரம் காதை வைக்கத் தெரிந்தவன்.

பட்டறைக்குத் திரும்பி, நாளைக்குப் போகலாமே என்ற மெக்கானிக்கை அப்போதே கிளப்பினேன். ஏன் இந்த அவசரம் என்று எனக்கே முழுதாகப் புரியவில்லை. தினமும் அழைத்துவர வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அவள் அதே பாதையில், அதே மழையில் இறங்கி வரவேண்டும். கழக்கூட்டத்துக் கடைக்காரர் முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார். கரகரத்ததைத் தள்ளிவிட்டு, தட்டல் கேட்ட அந்த இரண்டாவதை எடுத்தோம். நான் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், மெக்கானிக் சுற்றினார், எண்ணினேன். இரண்டரையும் ஒரு விரல்கடையும். தட்டல் உள்ளே ஒரு பேரிங். அதைப் புதிதாகப் போட்டார். ஞாயிறு மாலை வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, மேல் துவாரத்தில் எண்ணெய் விளிம்பு தட்டி ஒரு சொட்டு வழிந்ததும் திருகை இறுக்கினோம்.

திங்கட்கிழமை அவளையும் வாளியையும் சுருட்டிய மெத்தையையும் ஏற்றிக்கொண்டு போனேன். விதுரையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வண்டி எங்கும் வழுக்கவில்லை, எங்கும் முனகவில்லை. நானும் பேசவில்லை. சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வளைவிலும் எதையோ விழுங்கினேன். அவள் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, சாரல் முகத்தில் அடிக்க, வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரே அறை, ஒரு ஜன்னல், பின்னால் சரிவில் தேயிலை. மெத்தையை விரித்துப் போட்டேன். கிளம்பும்போது புதன்கிழமை ஒருதரம் வரட்டுமா என்று கேட்டேன்.

பரீட்சைத் தாளில் மார்க் போடுமுன் யோசிப்பதுபோல யோசித்தாள்.

"புதன் வேண்டாம். வெள்ளிக்கிழமை வாங்க. நாலு நாளைக்குள்ள பேச்சையும் சேத்துவெச்சுக் கொண்டு வாங்க. இறங்குற வழியில கேக்கேன்."

முதல் மணி அடித்தது. அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள். நான் இறங்கினேன். விதுரைக்கு வருவதற்குள் அவளிடம் சொல்ல மூன்று விஷயங்கள் சேர்ந்துவிட்டன. திங்கட்கிழமை காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை.